எதிர்ப் பேக்கரிக்குப் போகும் பிள்ளைகளைக் கல்லூரிக்குள் உட்கார வைப்பது எப்படி?

ஈரோடு பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வேலை பார்க்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் கல்லூரியில் 2,400 பேர் படிக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் கல்லூரிப் பஸ்ஸில் வந்து போகிறவர்கள். நூலகத்தில் 120 இருக்கை இருக்கிறது, எப்போது பார்த்தாலும் இருபது முப்பது பேர்தான். கேன்டீனில் மதியம் கால் வைக்க இடமில்லை. நடுவில் ஒரு காலி இடத்தில் புல் போட்டுக் கம்பி கட்டி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் நிற்கிறார்கள். படிக்கவும் சாப்பிடவும் பேசவும் ஏற்ற மாதிரி வளாகத்தை மாற்றச் சொல்லி மேனேஜ்மென்ட் பணம் ஒதுக்கிக் குழு போட்டிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?"

நான் கட்டட வடிவமைப்பாளன். கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கல்லூரி வேலைகள் நிறையப் பார்த்தவன். அவற்றில் சொதப்பியவையும் உண்டு, வரும் இடத்தில் சொல்கிறேன்.

பேக்கரியிலிருந்தே தொடங்குங்கள் என்பதுதான் என் பதில். வெளியூர்க்காரர்களுக்குப் பேக்கரி என்றால் கேக் விற்கிற கடை. நம் பக்கத்தில் அது டீக்கடை, நாளிதழ் படிக்கிற இடம், நிலம் பேசி முடிக்கிற இடம், பொண்ணு பார்க்கப் போகும் முன் கூட்டாளிகள் சேர்கிற இடம். அமெரிக்க சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989இல் வீடும் இல்லாத, வேலையிடமும் இல்லாத 'மூன்றாவது இடம்' என்று ஒன்றைப் பற்றி எழுதினார். கொங்கு நாட்டில் அதற்குப் பெயர் பேக்கரி.

அந்த எதிர்ப் பேக்கரியில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். சாலையோரமாக ஒரு தகரச் சாய்ப்பு, அதன் கீழ் நிழல். இடுப்பு உயரத்தில் டம்ளர் வைக்க ஒரு பலகை. நாற்காலி நாலே நாலு, அதையும் ஆளாளுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சாலையில் போகிறவர் வருகிறவர் தெரிகிறார்கள். ஒரு டீ வாங்கினால் இருபது நிமிடம் நிற்கலாம், வாங்காமல் நின்றாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. போரடித்தால் யாரிடமும் சொல்லாமல் கிளம்பலாம். இத்தனைக்கும் அந்தக் கடைக்காரர் எந்த வடிவமைப்பாளரையும் கூப்பிடவில்லை.

இப்போது உங்கள் வளாகத்துக்குள் வாருங்கள். புல்வெளிக்குக் கம்பி. நூலக வாசலில் பையைக் கழற்றச் சொல்லும் மேசை. கேன்டீன் சுவரில் 'சாப்பிட்டவுடன் எழுந்து செல்லவும்'. வராந்தாவில் நின்றால் "கிளாஸ் இல்லையா?" என்ற குரல். "ஏனுங் சார், இங்க உக்காரலாமுங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார வேண்டிய இடத்தில் எந்த மாணவனும் இரண்டாவது முறை உட்காருவதில்லை. சோபா, பீன் பேக், கண்ணாடித் தடுப்பு எதை வாங்கிப் போட்டாலும் சரி, இந்தக் கேள்வி மிச்சம் இருக்கும்வரை அது கல்லூரியின் தரத்தைப் பார்க்கக் குழு வரும் நாளுக்கு மட்டும்தான் உதவும்.

ஒரு கல்லூரிக்கு 'கலந்துரையாடல் அறை' என்று ஆறு அறை போட்டுக்கொடுத்தேன். எழுதும் பலகை, பிளக் பாயிண்ட், ஏசி, எல்லாம் முதல் தரம். ஒரு வருடம் கழித்துப் போனபோது நாற்காலிகளின் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. சாவி துறைத்தலைவர் மேசை டிராயரில் இருந்தது. வேண்டுமென்றால் ஒரு நாள் முன்பே கடிதம் கொடுக்க வேண்டுமாம். அந்த அறைகளுக்குக் கதவே வைக்காமல் விட்டிருந்தால் செலவும் குறைந்திருக்கும், பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குப் பிறகு நான் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதலில் கேட்கிற கேள்வி, 'சாவி யாரிடம் இருக்கும்?'

சரி, வேலைக்கு வருவோம். வரைபடம் போடுவதற்கு முன் ஒரு வாரம் எண்ணுங்கள். என்எஸ்எஸ் பிள்ளைகள் பத்துப் பேரிடம் வளாக வரைபடத்தின் நகல் கொடுத்து, காலை எட்டரை முதல் மாலை ஐந்து வரை மணிக்கொரு முறை சுற்றி வந்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பையன் ஒரு நிறம், பெண் ஒரு நிறம். நிற்கிறார்களா, உட்கார்ந்திருக்கிறார்களா, தனியாகவா, கூட்டமாகவா. நியூயார்க்கில் 1970களில் வில்லியம் வைட் என்பவர் சிறு சிறு சதுக்கங்களில் கேமரா வைத்து இதையேதான் செய்தார். அவர் கண்டது சிரிப்பு வருகிற அளவுக்கு எளிமையானது: உட்கார இடம் எங்கே இருக்கிறதோ அங்கே மனிதர்கள் உட்காருகிறார்கள், கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் கூட்டம் வருகிறது. நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் ஒரு சாண் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிப் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள், அப்படித் தள்ளத் தேவையே இல்லாவிட்டாலும். அந்த ஒரு சாண் தள்ளலில் 'இது என் இடம்' என்கிற நினைப்பு வந்துவிடுகிறது.

உங்கள் வரைபடத்தில் புள்ளிகள் எங்கே குவியும் என்று எண்ணாமலே ஓரளவு சொல்ல முடியும். பையன்கள் பைக் ஸ்டாண்டில், வண்டி சீட்டின் மேல். பெண்கள் மாடிப்படியில், அதுவும் மேலே ஏறித் திரும்புகிற இடத்தில். இரண்டிலும் நிழல் இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் ஆள் வர வழியில்லை, வருகிறவரை முன்கூட்டியே பார்க்கலாம். பழைய வீட்டுத் திண்ணைக்கும் இதே குணங்கள்தான். அப்புறம், கம்பியைத் தாண்டிப் புல்வெளியின் குறுக்கே ஒரு ஒற்றையடிப் பாதை தேய்ந்து கிடக்கும். அதைத் திட்டாதீர்கள். அதன் மேலேயே கல் பதித்துவிடுங்கள். நடக்கிற பாதையை ஒட்டித்தான் உட்காரும் இடம் பிழைக்கும்.

அடுத்தது பஸ். முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் வருகிறவர்கள் என்றால் உங்கள் வளாகத்தின் நேரத்தை உண்மையில் தீர்மானிப்பவர் பஸ் பொறுப்பாளர்தான். காலையில் வண்டி வந்து நின்றதும் மணி அடிக்கிறது, மாலையில் மணி அடித்ததும் வண்டி கிளம்புகிறது. அந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருப்பது காலை இருபது நிமிட இடைவேளையும் மதியம் ஐம்பது நிமிடமும்தான். மாலை ஆறு மணி வரை நூலகம் திறந்திருக்கிறது என்று போர்டு வைத்து என்ன பயன், நாலரைக்கு வண்டி கிளம்பிவிட்டால்? முக்கியமான மூன்று நான்கு வழித்தடங்களில், உதாரணமாகப் பெருந்துறை, பவானி, சென்னிமலை, கொடுமுடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மணிக்கு ஒரு இரண்டாவது நடை விட்டுப் பாருங்கள். ஒரு செங்கல்கூட வைக்காமல் நூலகத்தில் ஆள் கூடும். குழுவில் கட்டட ஆட்களோடு பஸ் பொறுப்பாளரையும் சேர்க்கச் சொல்வது இதனால்தான்.

இனி சாப்பாடு. என் கணிப்பில் பணத்தில் பாதி இதற்குத்தான் போக வேண்டும், இதில்தான் ஒவ்வொரு நாளும் எல்லாரும் அவதிப்படுகிறார்கள்.

முதலில் காலை இடைவேளைக் கணக்கு. ஒரு டோக்கன் போட, பணம் வாங்கிச் சில்லறை கொடுக்கப் பதினைந்து விநாடி. நிமிடத்துக்கு நாலு பேர், இருபது நிமிடத்தில் 80 பேர். டீயும் வடையும் கேட்டு வருகிறவர்கள் 300 பேர் என்றால் ஒரு கவுன்டரில் முடிய 75 நிமிடம் ஆகும். மிச்சம் 220 பேர் எங்கே போவார்கள்? எதிர்ப் பேக்கரிக்கு. கேன்டீனைப் பெரிதாக்கினால் இந்தக் கணக்கு மாறாது, வரிசைதான் நீளும். பெரிய கேன்டீனுக்குப் பதிலாக வளாகத்தில் மூன்று இடத்தில் சின்ன டீ ஜன்னல் போடுங்கள். ஒவ்வொன்றிலும் டீ, காபி, சுண்டல், பன், முறுக்கு, அவ்வளவுதான். யுபிஐ அட்டையைக் கவுன்டரில் மட்டும் ஒட்டாமல் வரிசை நிற்கும் தூணிலும் ஒட்டினால் பணம் கட்டிவிட்டுத்தான் ஜன்னலுக்கு வருவார்கள், ஒரு ஆளுக்கு ஆகும் நேரம் பாதியாகக் குறையும். ஜன்னலுக்கு வெளியே பேக்கரியில் இருப்பது போலவே இடுப்புயரப் பலகை. தரையிலிருந்து மூன்றரை அடி இருந்தால் நின்றுகொண்டே டம்ளரை வைத்துப் பேசலாம். கடப்பா கல் போதும்.

மதியத்தில் வேறு கதை. நம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் டப்பா கட்டிக்கொண்டு வருகிறவர்கள். அம்மா காலை ஐந்து மணிக்கு எழுந்து அரிசிம்பருப்பு சாதமோ தக்காளிச் சாதமோ செய்து கொடுத்தனுப்புகிறார். அதை எங்கே வைத்துச் சாப்பிடுவது? கேன்டீனில் 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை'. வகுப்பறையில் சாப்பிட்டால் எறும்பு. கடைசியில் மரத்தடி, மாடிப்படி, பஸ்ஸுக்குள். எத்தனையோ கல்லூரி வரைபடங்களைப் பார்த்துவிட்டேன், 'டைனிங்' என்று எழுதியிருக்கும் இடம் எல்லாம் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கே. டப்பாக்காரர்களுக்கென்று ஒரு நீளமான திறந்த கூடம் கட்டுங்கள். மூன்று பக்கம் திறந்திருக்கட்டும், ஒரு பக்கம் சுவர். ஆள் ஒன்றுக்கு 12 முதல் 15 சதுர அடி கணக்கு வைத்தால் 200 பேருக்கு ஏறத்தாழ 2,400 முதல் 3,000 சதுர அடி. கேன்டீனை ஒட்டியே இருக்கட்டும். கூட்டாளியில் ஒருத்தி டப்பா, இன்னொருத்தி கேன்டீன் சாப்பாடு என்றால் இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும் இல்லையா. பாதி மேசைகள் நான்கு பேருக்கு, பாதி பத்துப் பேருக்கு. டப்பா திறந்தால் ஒருவர் பொரியல் இன்னொருவர் தட்டுக்குப் போகும், அதற்குப் பெரிய மேசைதான் வசதி.

எல்லாரும் மறக்கிற விஷயம் கை கழுவுகிற இடம். வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக் கேன்டீன் வரைகிறவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது, அங்கே கரண்டியும் முள்ளும். நாம் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை கழுவுகிறோம். 400 பேர் நாற்பது நிமிடத்தில் சாப்பிட்டால் 800 தடவை. ஒரு தடவைக்கு இருபது விநாடி என்று வைத்தாலே ஏழு குழாய் விடாமல் ஓட வேண்டும். ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில்தான் எழுவார்கள், அதனால் இரண்டு மடங்காகப் பதினான்கு. பெரும்பாலான கேன்டீன்களில் மூன்று வாஷ்பேசின் இருக்கும், அதில் ஒன்று உடைந்திருக்கும். தனித்தனி வாஷ்பேசின் வேண்டாம், கல்யாண மண்டபத்தில் இருப்பது போல நீளத் தொட்டி கட்டி வரிசையாகக் குழாய் வையுங்கள். டப்பா கழுவுகிற குழாய் தனி, அதன் கீழ் பருக்கை பிடிக்க எடுத்துத் தட்டக்கூடிய ஜல்லடை. இந்த ஒரு ஜல்லடை இல்லாததால் மாதம் ஒரு முறை சாக்கடை அடைத்து, பிறகு 'டப்பா கழுவக் கூடாது' என்று போர்டு வைத்த கல்லூரியைப் பார்த்திருக்கிறேன்.

சமையல்கூடத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று அடிக்கும், மார்கழி தையில் வடகிழக்கிலிருந்து வரும். இரண்டு காலத்திலும் புகை சாப்பிடும் இடத்துக்கு வராமலிருக்க அடுப்படி தென்கிழக்கில் இருப்பது நல்லது. வாஸ்துக்காரரும் அக்கினி மூலை என்று அதையேதான் சொல்வார். தாளாளரோடு சண்டை போடத் தேவையில்லாத அபூர்வமான இடம் இது, சந்தோஷமாக ஒத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சலுக்கு வருவோம். கேன்டீன் ஹால் காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். கிரானைட் தரை, டைல்ஸ் சுவர், சிமென்ட் கூரை என்றால் ஓசை இரண்டு மூன்று விநாடி சுற்றிச் சுற்றி வரும். அது ஒரு விநாடிக்குள் அடங்கினால்தான் எதிரே இருப்பவர் பேசுவது தெளிவாகக் கேட்கும். அடங்காவிட்டால் ஒவ்வொருவரும் குரலை உயர்த்துவார்கள், மற்றவர் அதைவிட உயர்த்துவார், கடைசியில் எவர்சில்வர் தட்டோடு சேர்ந்து சந்தை ஆகிவிடும். கல்லும் டைல்ஸும் ஓசையை அப்படியே திருப்பி அனுப்புகின்றன, நாரும் நூலும்தான் வாங்கிக்கொள்கின்றன. நூலுக்கும் நாருக்கும் நாம் எங்கும் போக வேண்டாம். பொள்ளாச்சியில் தேங்காய் நார், திருப்பூரில் பனியன் கழிவு, பவானியில் ஜமக்காளம். ஹாலின் கூரைக்குக் கீழே நார்ப் பலகையோ மரநார்ப் பலகையோ தொங்கவிடுங்கள், தீப்பிடிக்காமலிருக்கப் பக்குவம் செய்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். ஜமக்காளம் கேன்டீனுக்கு வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிடும். நூலகத்தின் பேசும் பகுதியில் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டால் நன்றாக வேலை செய்யும், பார்க்கவும் அழகு. முட்டை அட்டையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். அது ஓசையைக் குடிக்கும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, பேச்சுக்குரலுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. தீப்பிடித்தால் மட்டும் ஜோராக எரியும்.

இப்போது அந்தக் கம்பி கட்டிய புல்வெளி. என் சொதப்பல் இங்கேதான். ஒரு வளாகத்தில் கிரானைட்டில் வட்ட மேசையும் இருக்கையும் செய்து, மேலே காளான் மாதிரி ஃபைபர் குடை வைத்தேன். திறப்பு விழாப் படத்தில் பிரமாதமாக இருந்தது. காலை பதினோரு மணிக்குக் கல்லில் உட்கார முடியவில்லை, சுட்டது. ஆடி பிறந்ததும் இரண்டு குடை பெயர்ந்து பைக் ஸ்டாண்டில் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்கிற ஊரில் பிறந்துவிட்டு ஃபைபர் குடை வைத்தேனே என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நாம் இருப்பது ஏறத்தாழ 11 டிகிரி வடக்கில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நடுவில் உள்ள மாதங்களில் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. அதனால் தெற்கு வெயிலை மட்டும் நினைத்து வைத்த சாய்ப்பு மே மாதத்தில் ஏமாற்றிவிடும். மேலிருந்து இறங்கும் வெயிலுக்குக் கூரை, சாய்ந்து வரும் மேற்கு வெயிலுக்கு மரமோ சல்லடைச் சுவரோ வேண்டும். திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டிய ஜாலிச் சுவர்களைப் பார்த்தால் தெரியும், அதில் காற்று வரும், வெயில் துண்டு துண்டாகத்தான் வரும். மேற்குப் பக்கம் அப்படி ஒரு ஏழடிச் சுவர் எழுப்பினால் மாலை வெயிலும் ஆடிக் காற்றின் வேகமும் சேர்ந்து குறையும், நோட்டுப் பக்கம் பறக்காது. மழையைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் பக்கத்தில் ஆண்டுக்குப் பெய்வது சென்னையில் பெய்வதில் பாதிதான், அதுவும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். வருடத்தில் பத்து மாதம் வெளியில் உட்காரலாம், நிழல் மட்டும் இருந்தால். ஆனால் கோவைக்குச் சரிப்படுவது கரூருக்குச் சரிப்படாது. கரூர் பக்கத்துப் பரமத்தி வெயிலை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே திறந்த கூடத்துக்கும் மேலே மின்விசிறி வேண்டும்.

இந்த இடத்தில் யாராவது 'கிராமிய அழகு' என்று கீற்றுக் கொட்டகை போடச் சொல்வார்கள். 2004 கும்பகோணம் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகும் ஒரு கல்விக்கூடத்தில் அதை யோசிப்பது தவறு. ஓடு போடுங்கள், அல்லது ஷீட் போட்டு அதற்குக் கீழே காற்று ஓட இடம் விட்டு ஒரு உள்கூரை கொடுங்கள்.

உட்காரும் மேடை ஒன்றரை அடி உயரம், இரண்டு பேர் முதுகோடு முதுகு உட்காரும்படி மூன்றடி அகலம். கிரானைட் வேண்டாம், சிவப்பு ஆக்சைடு பூசிய சிமென்ட்டோ மரச்சட்டமோ போதும். அவற்றோடு ஐம்பது அறுபது இலகுவான நாற்காலிகளைச் சங்கிலி போடாமல் விடுங்கள். வருடத்துக்கு நாலு காணாமல் போகும். போகட்டும். அந்தச் செலவு கம்பி வேலிக்கு ஆகும் பெயின்ட் செலவைவிடக் குறைவு.

மரம் என்றால் புங்கன் எனக்கு முதல் தேர்வு, அடர்ந்த நிழல், சீக்கிரம் வளரும். நாவலும் நல்ல மரம்தான், ஆனால் ஆனி ஆடியில் கீழே உட்கார்ந்தவள் துப்பட்டா ஊதாவாகிவிடும். வேம்பு பாதை ஓரத்தில், மேசைக்கு மேலே அல்ல. தூங்குமூஞ்சி மரம் அகலமாக விரியும், காற்றில் கிளை ஒடியும். தென்னையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பெங்களூரு ஐஐஎம் வளாகத்தை ஒரு முறை போய்ப் பார்க்க முடிந்தால் பாருங்கள். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி அங்கே நடைபாதையை வெறும் நடைபாதையாக விடவில்லை. அகலமாக்கி, ஓரிடத்தில் கூரை, ஓரிடத்தில் பந்தல், ஓரிடத்தில் திறந்த வானம் என்று மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். வகுப்பை விட்டு வெளியே வருகிறவர்கள் நின்று பேச்சைத் தொடர அங்கே இடம் இருக்கிறது. உங்களால் நடைபாதையை இடிக்க முடியாது. ஆனால் வகுப்பறைக் கதவுகளுக்கு இடையே சுவரோரமாக ஒரு அடி அகலத் திண்ணை கட்ட முடியும். அகலம் குறைந்த வராந்தாவில் இதைச் செய்யாதீர்கள், கூட்டம் வெளியேறும் வழியை அடைத்துவிடும்.

நூலகத்துக்கு வருகிறேன். நம் ஊர்க்காரர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் ஐந்து விதிகள் சொன்னார். முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே. கேட்க வெகு சாதாரணமாக இருக்கும். அந்த விதியின் கீழ் அவர் பேசியது நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப்போகிறது, நாம் இன்னும் வாசலில் பையை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். பையில் லேப்டாப் இருக்கிறது, அதை வெளியே ரேக்கில் விட்டுவிட்டு எவன் உள்ளே வருவான்? பையை உள்ளே விடுங்கள், போகும்போது சோதியுங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுவரக் கூடாது என்ற விதியும் போகட்டும். டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தேவை உங்கள் அலமாரி இல்லை, அமைதியான ஒரு மேசை. நகராட்சிகள் கட்டியிருக்கும் அறிவுசார் மையங்களில் ஒன்றுக்குக் காலை நேரத்தில் போய் எட்டிப் பாருங்கள், அந்தப் பசி எவ்வளவு என்று புரியும்.

உள்ளே செய்ய வேண்டியது, சத்தத்தைத் தளமாகப் பிரிப்பது. கிளாஸ்கோவில் 2006இல் திறந்த பல்கலைக்கழக நூலகமான சால்டயர் மையத்தில் கீழ்த்தளத்தில் காபிக்கடையும் பேச்சும், மேலே ஏற ஏற அமைதி. உங்களிடம் இரண்டு தளம் இருந்தால் அதுவே போதும். கீழே நாளிதழ், கூட்டுப் படிப்பு மேசைகள், எழுதும் பலகை, பேசலாம். மேலே மூச்சுக்கூட மெதுவாக. இதை மாற்றிச் செய்த ஒரு இடத்தில், கூட்டுப் படிப்பை மாடியில் வைத்துவிட்டு, நாள் முழுக்க அமைதிப் பகுதி வழியாகக் கூட்டம் ஏறி இறங்கியது.

வெளிச்சம் மேசை மட்டத்தில் 300 முதல் 500 லக்ஸ் இருக்க வேண்டும், போன் செயலியில் தோராயமாக அளக்கலாம். மேசையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள், திரையில் கூசாது. இரண்டு இருக்கைக்கு ஒரு பிளக் பாயிண்ட் கட்டாயம். நூறு லேப்டாப் ஒன்றுக்கு 65 வாட் என்றால் 6.5 கிலோவாட், பழைய வயரிங் தாங்குமா என்று மின்பணியாளரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சுற்றுகிற சத்தமில்லாத பிஎல்டிசி மின்விசிறி சுமார் 30 வாட்தான் எடுக்கும், பழையதில் பாதிகூட இல்லை.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு வளாகம் பாதிப் பேருக்கு மூடியே இருக்கலாம், அதைச் சொல்லாமல் போக மாட்டேன். பையன்கள் ஹாஸ்டல் ஒன்பது மணிக்குப் பூட்டுகிறார்கள், பெண்கள் ஹாஸ்டல் ஆறரைக்கு. அப்போது நூலகத்தை எட்டு மணி வரை திறந்து வைத்தாலும் அது பையன்களின் நூலகம்தான். 'அவர்களுக்கு ஹாஸ்டலிலேயே ஒரு ரீடிங் ரூம் இருக்கிறதே' என்பார்கள். அதில் ஒரு டியூப்லைட்டும் பழைய வார இதழும் இருக்கும். நூலகத்திலிருந்து ஹாஸ்டல் வரை ஒரு பாதையை முழுக்க விளக்கு போட்டு, மரக்கிளை வெட்டி, ஒரு காவலரை நிறுத்துவது பெரிய செலவில்லை. பெற்றோர் கேட்டால் அந்தப் பாதையைக் காட்டுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அதட்டுகிற வழக்கமும் நம் பக்கத்துக் கல்லூரிகளில் உண்டு. அதை வைத்துக்கொண்டு கூட்டுப் படிப்புக்கு மேசை வாங்குவதில் அர்த்தமில்லை, அவர்கள் அந்தப் புராஜெக்டை எதிர்ப் பேக்கரியில் செய்துகொள்வார்கள். கேமரா கேட்டிலும் பாதையிலும் இருக்கட்டும், மேசைக்கு மேலே வேண்டாம். மாறாக, ஆள் நடமாடும் பாதையிலிருந்தும் அலுவலக ஜன்னலிலிருந்தும் தெரிகிற மாதிரி இடங்களை வையுங்கள், நாலு பேர் கண்ணில் படும் இடமே பாதுகாப்பான இடம். இன்னொன்று, தண்ணீர் வருகிற, தாழ்ப்பாள் போடுகிற, குப்பைக்கூடை உள்ள கழிப்பறை ஐம்பது மீட்டருக்குள் இல்லாவிட்டால் எந்தப் பெண்ணும் எந்த இடத்திலும் இரண்டு மணி நேரம் உட்கார மாட்டாள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இதில் பேரம் பேசக் கூடாது.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது? கை கழுவும் தொட்டி, கழிப்பறை, விளக்கு, பிளக் பாயிண்ட் முதலில். டப்பா கூடமும் டீ ஜன்னல்களும் அடுத்து. ஓசைப் பலகை, நாற்காலி அதற்குப் பிறகு. முகப்பு வளைவு, நீரூற்று, செல்ஃபி பாயிண்ட் எல்லாம் கடைசியில், பணம் மிஞ்சினால். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒரு வருடம் தொடாமல் வையுங்கள். பிள்ளைகள் உட்கார ஆரம்பித்த பிறகு அதே புள்ளி வரைபடத்தை மறுபடி எடுத்தால், நீங்கள் நினைத்தே பார்க்காத ஒரு மூலையில் கூட்டம் இருக்கும். அந்த மூலைக்கு அந்தப் பணம்.

கட்டுமானத்தை ஏப்ரல், மே விடுமுறையில் முடித்துவிடலாம். மரக்கன்றுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது, புரட்டாசிக் கடைசியில் நடுங்கள், ஐப்பசி மழை வேர் பிடிக்க வைத்துவிடும். ஆனால் அடுத்து வரும் முதல் கோடையில் பிள்ளைகள் லீவில் இருப்பார்கள், தோட்டக்கார அண்ணனும் பாதி நாள் வேறு வேலையில் இருப்பார். யார், வாரத்துக்கு எத்தனை நாள், எந்தக் குழாயிலிருந்து தண்ணீர் விடுவது என்று பேரோடு எழுதி ஒட்டிவிட்டு அப்புறம் குழி தோண்டுங்கள்.